காதல் பாதையும் வெடிமருந்துக் கிடங்கும்

நண்பர் ஒருவரின் மகள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. புருஷனும் பெண்டாட்டியுமாக இத்தாலிக்குப் போகிறார்கள். பத்து நாள் டூரில் ஒரு முழு நாளை, மத்தியதரைக் கடலோரமாக நடப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

“அங்கிள், அஞ்சு ஊரு. மொத்தமே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காலையில எட்டு மணிக்குக் கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்ல?”

“தாராளமா முடிக்கலாம்மா. எதுக்காக அங்க போறீங்க?”

“வ்யூ சூப்பரா இருக்குமாம்!”

இருக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், அந்த ‘வ்யூ’ எப்படி வந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன். நாளைக்கே நீங்களும் டிக்கெட் எடுக்கலாம், யார் கண்டது!

அவள் சொன்ன ஐந்து ஊர்களுக்கும் சேர்த்து ‘சிங்க்வே டெர்ரே’ என்று பெயர். இத்தாலிய மொழியில் ‘ஐந்து நிலங்கள்’ என்று அர்த்தம். இத்தாலியை ஒரு பூட்ஸ் என்று நினைத்துக்கொண்டால், அதன் மேல் விளிம்பில் இடது பக்கம், லிகூரியா மாநிலத்துக் கடற்கரை. கொலம்பஸின் ஊரான ஜெனோவாவிலிருந்து ரயிலில் தெற்கே வந்தால், லா ஸ்பெஸியா நகரத்துக்குச் சற்று முன்னால் மான்டெரொஸ்ஸோ, வெர்னாஸா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று வரிசையாக ஐந்தும் வரும். அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கவே முடியாது. கடலுக்கு மேலே ஒரு பாறை, அதன் மேல் மஞ்சள், சிவப்பு, ரோஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள்... காலண்டரிலும் கம்ப்யூட்டர் திரையிலும் வந்து வந்து தேய்ந்துபோன படம். அநேகமாக அது மனரோலாவாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை அந்தப் படம் கண்ணில் பட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். வீடுகளைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அவற்றுக்கு மேலே மலையைப் பாருங்கள். யாரோ பெரிய சீப்பை எடுத்துக் குறுக்கே வாரிவிட்ட மாதிரி கோடு கோடாக இருக்கும். அந்தக் கோடுகள்தான் நம்முடைய கதாநாயகர்கள். ஒவ்வொரு கோடும் ஒரு சுவர்!

இந்த ஐந்து ஊர்க்காரர்களுக்கும் ஆண்டவன் சமதளம் என்று ஒன்றைக் கொடுக்கவே இல்லை. மலை நேராகக் கடலில் இறங்குகிறது. கடலில் போய் மீன் பிடித்துப் பிழைக்கலாமென்றால், ஒரு காலத்தில் அதே கடல் வழியாகத்தான் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். ‘சாரசன்’ என்று அன்றைய ஐரோப்பியர்கள் அழைத்த கடலோடிகள் கரையோர கிராமங்களைச் சூறையாடிவிட்டு, கையில் அகப்பட்ட ஆட்களையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த பயத்தில் மக்கள் மலைக்கு மேலேதான் குடியிருந்தார்கள். மனரோலாக்காரர்களின் முன்னோர்களே மேலே இருக்கும் வோலாஸ்ட்ரா என்ற குக்கிராமத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

கொள்ளை ஓய்ந்து, கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு, பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில், கரைக்கு அருகில் குடியேறியவர்கள் ஒரு அசாத்தியமான காரியத்தில் இறங்கினார்கள். சமதளம் இல்லையா? செய்துகொள்வோம்!

எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சரிவில் இருக்கும் புதரை வெட்டி, மண்ணையும் பாறையையும் கொத்திப் பிரிப்பார்கள். பெரிய கற்களை ஒருபக்கம் ஒதுக்கி, அவற்றைக் கொண்டு சரிவுக்குக் குறுக்கே ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்புவார்கள். சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது, சிமென்ட்டுக்கு வழியே இல்லை. கல்லுக்குக் கல் பார்த்து, திருப்பிப் பார்த்து, முகம் பொருந்துகிற இடத்தில் உட்கார வைப்பதுதான் வித்தை. சுவர் கொஞ்சம் மலைப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அதன் முதுகுக்குப் பின்னால் சில்லுக் கற்களைக் கொட்டி, அதற்கும் பின்னால் சலித்தெடுத்த மண்ணை நிரப்பினால் ஒரு படி தயார். அகலம் இரண்டு மூன்று மீட்டர் இருந்தால் அதிகம். அதில் திராட்சைக் கொடி. பிறகு அடுத்த படி, அதற்கு மேலே அடுத்தது... இப்படியே கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் உயரம் வரைக்கும்!

சாந்து பூசாதது ஏழ்மையினால் மட்டுமில்லை. அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் கல்லிடுக்குகளின் வழியே மெல்லக் கசிந்து அடுத்த படிக்கு இறங்கிவிடும். பூசி மெழுகியிருந்தால் பின்னால் தண்ணீர் தேங்கி, சுவரையே தள்ளிவிட்டிருக்கும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருஷா வருஷம் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேர் நுழைந்தாலோ, காட்டுப் பன்றி கிளறினாலோ, இடுக்கு அடைபட்டு சுவர் வயிறு தள்ளி நிற்கும். (இத்தாலியர்களும் ‘வயிறு’ என்றேதான் சொல்கிறார்கள்!) அந்த நேரத்தில் பத்துக் கல்லைப் பிரித்து மறுபடி அடுக்கினால் தீர்ந்தது. விட்டால், அது அடுத்த படியின் மேல் விழும். அது அதற்கடுத்ததன் மேல்...

ஆக, நீங்கள் பார்க்கப் போகும் மலை, இயற்கை அன்னை தந்த மலை இல்லை. எண்ணூறு ஆண்டுகளாக மனிதர்கள் கையால் கட்டி, கையால் நிறுத்தி வைத்திருக்கும் ஒரு கட்டடம். நீளத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்வது அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். ஒரு வித்தியாசம். சீனச் சுவரைக் கட்டச் சொன்ன சக்கரவர்த்திகளின் பெயர்கள் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. இங்கே எந்த ராஜாவும் உத்தரவு போடவில்லை. கல் சுமந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். தலையில் சும்மாடு கூட்டி, அதன்மேல் கூடையை ஏற்றி, கல்லையும் மண்ணையும் மேலே கொண்டு போனார்கள். அறுவடைக் காலத்தில் திராட்சையைக் கீழே கொண்டு வந்தார்கள். ஒரு பெயர்கூட நமக்குத் தெரியாது.

சரி, பாதைக்கு வருவோம். இன்று ‘நீலப் பாதை’ என்று அழகாகப் பெயர் வைத்து, டிக்கெட் போட்டு விடுகிறார்களே, அது யாரும் கடலை ரசிப்பதற்காகப் போட்டதில்லை. தோட்டத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதைகளும், ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் பெண் பார்க்கவும் சாவுக்குப் போகவும் நடந்த வழிகளும்தான் அவை. பாரம் ஏற்ற வேண்டுமானால் படகு. இல்லாவிட்டால் மேலே ஏறி மலை முகட்டு வழி. ரியோமஜோரேயை வெளியுலகுக்குப் படம் வரைந்து காட்டிய தெலெமாக்கோ சிக்னோரினி என்ற ஓவியர் 1860ல் அங்கே முதன்முதலாக வந்தபோது நிலைமை அதுதான். ரயில் கிடையாது, ரோடு கிடையாது.

அந்த ஓவியர் வந்துபோன கொஞ்ச காலத்தில் எல்லாம் மாறிப் போனது.

அப்போதுதான் இத்தாலி ஒரே நாடாக ஒன்று சேர்ந்திருந்தது. புது நாட்டுக்குக் கடற்படை வேண்டாமா? பக்கத்திலிருந்த லா ஸ்பெஸியாவில் பிரமாண்டமான கப்பல் கட்டும் தளம் ஒன்றைக் கட்டி 1869ல் திறந்தார்கள். அடுத்து 1874ல், லா ஸ்பெஸியாவையும் ஜெனோவாவையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. மலையைக் குடைந்து குடைந்து, சுரங்கத்துக்கு ஒரு ஊர் என்கிற கணக்கில் போட்ட பாதை. இன்றைக்கும் அந்த ரயிலில் உட்கார்ந்தால் இருட்டு, பளிச்சென்று ஒரு துண்டுக் கடல், மறுபடி இருட்டு... இப்படித்தான் பயணம் போகும்.

யோசித்துப் பாருங்கள். இத்தனை நூற்றாண்டுகளாகக் கல் சுமந்த குடும்பத்துப் பையன் ஒருவன் முன்னால் இப்போது ரயில் வந்து நிற்கிறது. அரை மணி நேரத்தில் லா ஸ்பெஸியா. அங்கே மாதா மாதம் சம்பளம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சம்பளம். ஏறாமல் இருப்பானா? நானாக இருந்தால் முதல் வண்டியிலேயே ஏறியிருப்பேன்! போதாக்குறைக்கு 1920களில் ‘ஃபைலாக்ஸெரா’ என்ற பூச்சி வந்து திராட்சைக் கொடிகளின் வேரை அரித்துத் தின்றது. மிச்சமிருந்த பலருக்கும் அதோடு மனசு விட்டுப் போயிற்று. வேலைக்குப் போனவர்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதையும் விட்டார்கள். மேலே எட்டாத உயரத்தில் இருந்த படிகள்தான் முதலில் கைவிடப்பட்டன. பிறகு நடுவில் இருந்தவை. ஒரு காலத்தில் இருந்த திராட்சைத் தோட்டங்களில் இன்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்கிறார்கள்.

ரயில் ஆட்களை வெளியே கொண்டு போனது என்றேன் இல்லையா... அதே ரயில் ஒரு பாதையையும் விட்டுவிட்டுப் போனது. அதுதான் ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே இருக்கும் உலகப் புகழ்பெற்ற ‘வியா டெல் அமோரே’. தமிழில் காதல் பாதை. நம் புதுமணத் தம்பதி நோட்டுப் புத்தகத்தில் இரண்டு அடிக்கோடு போட்டிருந்த இடம்!

அதன் பூர்வோத்திரத்தைச் சொன்னால் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும். 1920களின் கடைசியில், ரயில் பாதையை அகலப்படுத்திச் சுரங்கங்களைப் பெரிதாக்க நிறைய வெடிமருந்து தேவைப்பட்டது. அதை ஊருக்குள் வைக்க முடியுமா? இரண்டு ஊருக்கும் நடுவே, ஆள் நடமாட்டமில்லாத பாறைச் சரிவில் ஒரு கிடங்கு கட்டி, அதற்குப் போய்வர வழி வெட்டினார்கள். வேலை முடிந்து மருந்து தீர்ந்த பிறகும் வழி மிஞ்சியது. ஊர்க்காரர்கள் அதைச் சீர்செய்து இரண்டு ஊரையும் இணைத்துக்கொண்டார்கள். அதுவரை மலை ஏறி இறங்கித்தான் அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு வர முடியும். இப்போது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, கடலுக்கு மேலே சமமான நடை. இளவட்டங்களுக்குக் கேட்க வேண்டுமா? இந்த ஊர்ப் பையன்களும் அந்த ஊர்ப் பெண்களும் சாயங்காலங்களில் அங்கே சந்தித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு குறும்புக்காரன் பழைய கிடங்கின் கதவில் ‘காதல் பாதை’ என்று எழுதி வைத்தான் என்பது கதை. வெடிமருந்துக் கிடங்குக்கு வேறெந்த ஊரிலாவது இப்படி ஒரு பெயர் அமைந்திருக்குமா, தெரியவில்லை.

பிறகு டூரிஸ்ட்டுகள் வந்தார்கள். முதலில் முதுகுப்பையோடு நடப்பவர்கள், பிறகு கைடு புத்தகம் வைத்திருப்பவர்கள், பிறகு கப்பல் கப்பலாக. 1997ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999ல் தேசியப் பூங்கா ஆனது. ஐந்து ஊரிலும் சேர்த்துக் குடியிருப்பவர்கள் நாலாயிரம் பேர்கூட இல்லை. வந்து போகிறவர்களோ ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல்! மனிதனும் இயற்கையும் சேர்ந்து உருவாக்கிய நிலப்பரப்பு என்பதற்காகத்தான் யுனெஸ்கோ அந்த கௌரவத்தைக் கொடுத்தது. பட்டயம் கொடுத்த நேரத்தில் அந்த மனிதன் தோட்டத்தை விட்டு இறங்கி, கீழே ரூம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு இரவு ரூம் வாடகையை ஒரு மூட்டைத் திராட்சை கொடுக்குமா என்ன?

2011 அக்டோபர் 25, செவ்வாய்க்கிழமை. கடலிலிருந்து வந்த மேகம் மலையில் முட்டி நின்றுகொண்டது. சில மணி நேரத்தில் பல மாதங்களுக்கான மழையைக் கொட்டித் தீர்த்தது. வெர்னாஸாவின் மெயின் ரோடுக்கு அடியில் ஒரு ஓடை போகிறது. பழைய ஓடையை மூடித்தான் அந்தத் தெருவையே போட்டிருந்தார்கள். மலையிலிருந்து மண்ணும் கல்லும் மரமும், மேலே நிறுத்தியிருந்த கார்களுமாக உருண்டு வந்து ஓடையின் வாயை அடைக்க, தெருவே ஆறாகியது. கடைகளெல்லாம் மூழ்கி, முதல் மாடி ஜன்னல் வரை சேறு. வெர்னாஸாவில் மூன்று பேர் இறந்தார்கள், மான்டெரொஸ்ஸோவில் ஒருவர். ரயில் நின்று, ரோடு அறுந்து, வெர்னாஸா மக்களைப் படகுகளில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோனார்கள். ரயில் வருவதற்கு முந்தைய காலம் மாதிரியே!

அதன் பிறகு இத்தாலிய மண்ணியல் நிபுணர்கள் அந்தச் சரிவுகளை அலசி ஆராய்ந்தார்கள். எங்கே அதிகமாகச் சரிந்திருக்கிறது? காடாக இருந்த இடத்திலா? இல்லை. இன்னும் பயிர் செய்துகொண்டிருக்கும் படிகளிலா? அங்கேயும் சரிவு இருந்தது, ஆனால் அளவில் சிறியவை. அதிகம் சரிந்தவை, அண்மைக் காலத்தில் கைவிடப்பட்ட படிகள். கைவிட்டு ரொம்ப காலமான இடங்களில் மரம் வளர்ந்து வேர் பிடித்துக்கொண்டுவிட்டது. கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களில் சுவர் பிடித்துக்கொண்டது. நடுவில் மாட்டிக்கொண்ட, மனிதன் போய் மரம் இன்னும் வராத சரிவுகள்தான் மழைக்குப் பலியானவற்றில் முன்னால் நின்றன. ஒரு தலைமுறை தோட்டத்தை விட்டதற்கான பில், அடுத்த தலைமுறையின் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2012 செப்டம்பர் 24ல் காதல் பாதையில் பாறை விழுந்து ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த நான்கு பெண்கள் காயமடைந்தார்கள். பாதையை மூடினார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த அந்த வழியை வலை போட்டு, ஆணி அடித்து, மலையையே கட்டிப்போட்டுத் திறக்க ஏறக்குறைய பன்னிரண்டு வருஷங்களும் இரண்டு கோடி யூரோவுக்கு மேலும் ஆயின. 2024 ஜூலையில் திறப்பு விழா. இப்போது முன்கூட்டியே நேரம் குறித்து டிக்கெட் எடுத்துத்தான் போக முடியும். வெடிமருந்துக் கூலிகள் பாதையை வெட்டியதைவிட, அதைக் காப்பாற்றுவதற்கு அதிக காலம் பிடித்திருக்கிறது!

இதெல்லாம் சொன்ன பிறகு பெண்ணின் முகம் சற்று வாடியிருந்தது. “அப்போ போக வேண்டாங்கறீங்களா?” என்றாள்.

ஐயோ, அப்படி இல்லை. போக வேண்டிய இடம்தான். ஐந்தையும் ‘முடிப்பதை’ விட்டுவிடச் சொன்னேன், அவ்வளவுதான். உங்களுக்கும் அதே யோசனைதான்.

முதலில், ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயிலும் கூட்டமும் சேர்ந்து உயிரை வாங்கும். 2024 வசந்த விடுமுறையில், மான்டெரொஸ்ஸோ-வெர்னாஸா பாதையில் சில நாட்கள் ஒன்வே விட வேண்டியிருந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் பாதியில் போனால் திராட்சை அறுவடை கண்ணில் படும். சரிவில் ஒற்றைத் தண்டவாளத்தில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏறும் குட்டி மோனோரயிலையும் பார்க்கலாம். பழைய நாளில் பெண்கள் தலையில் சுமந்ததை இப்போது அதுதான் சுமக்கிறது.

கோர்னீலியாவில் ரயிலை விட்டு இறங்குங்கள். ஐந்தில் இது ஒன்றுதான் கடலை ஒட்டாமல் நூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர். ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய 380 படிகள். மூச்சு வாங்கினால் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள், கடல் வேறு எங்கும் போய்விடாது. அங்கிருந்து மனரோலாவுக்குக் கடலோரமாகப் போகும் பழைய பாதை நிலச்சரிவினால் பல வருஷங்களாக மூடிக் கிடக்கிறது. அதனால் மேலே ஏறி, வோலாஸ்ட்ரா வழியாகப் போக வேண்டும். அதை நஷ்டம் என்று நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால் ஐந்து ஊரிலும் இதுதான் சிறந்த நடை. முன்னூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில், திராட்சைப் படிகளுக்கு நடுவே, சுவரின் தலைமேலேயே நடந்து போவீர்கள். இடது கைப்பக்கம் மலை, வலது கைப்பக்கம் நேர் கீழே கடல். இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். சில இடங்களில் சுவர் புத்தம் புதிதாக, கல் வெளுப்பாக இருக்கும். யாரோ சமீபத்தில் பிரித்துக் கட்டியது. அடுத்த வளைவிலேயே வயிறு தள்ளி நிற்கும் ஒன்று, அதற்கடுத்து சரிந்து புதர் மூடிய ஒன்று. மூன்றையும் பத்தே நிமிஷத்தில் பார்த்துவிடலாம். சாந்தில்லாமல் கல் அடுக்கும் அந்தக் கலையை இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பாரம்பரியமாக 2018ல் யுனெஸ்கோ தனியாகப் பட்டியலில் சேர்த்தது. கற்றுக்கொள்ள வருகிற இளைஞர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கொஞ்சம் பேர்தான்.

வோலாஸ்ட்ராவிலிருந்து படிகளில் இறங்கினால் மனரோலா. சாயங்காலமாகிவிடும். குடிக்கிறவராக இருந்தால் ‘ஷாக்கெத்ரா’ ஒரு சின்ன கிளாஸ் கேளுங்கள். திராட்சையை நிழலில் உலர்த்திப் பிழிந்த இனிப்பு ஒயின். விலை கொஞ்சம் அதிகமாகத் தெரியும். மேலே பார்த்துவிட்டு வந்திருப்பதால் பேரம் பேச மாட்டீர்கள். அதற்கப்புறம், டிக்கெட் கிடைத்திருந்தால், காதல் பாதை. மனரோலாவிலிருந்து ரயிலில் ஒரு ஸ்டேஷன் தள்ளி ரியோமஜோரேயில் இறங்கி, அங்கிருந்து நடந்து திரும்புங்கள். ஏனென்றால் அதையும் ஒன்வே ஆக்கிவிட்டார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்கா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம். பலத்த மழை எச்சரிக்கை வந்தால் மூடிவிடுவார்கள். 2011க்குப் பிறகு அவர்கள் மழையோடு விளையாடுவதில்லை.

பெண் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ‘8 மணி - 5 ஊர்’ என்று எழுதியிருந்ததை அடித்தாள். அதற்குக் கீழே ‘வோலாஸ்ட்ரா’ என்று எழுதிவிட்டு, “அங்கிள், அவர் இந்த நடைக்குன்னே புதுசா செருப்பு வாங்கி வெச்சிருக்காரு, நல்ல கிரிப்பு” என்றாள்.

செருப்பா! 2019லேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். ரப்பர் செருப்போடு பாதையில் ஏறினால் அபராதம் ஐம்பது யூரோவிலிருந்து ஆரம்பம். மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.